மறந்துபோன மூக்குக்கண்ணாடி

பெயரும் வீட்டு முகவரியும் தனித்தாளில் கொடுத்துள்ளேன். வயது நாற்பத்தெட்டு. மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் தலைமைப் பார்வைப் பரிசோதகராக இருக்கிறேன். காவல் துணை ஆய்வாளர் விசாரித்தபோது நான் சொன்னது பின்வருமாறு.

கடந்த செவ்வாய்க்கிழமை மாலை, எங்கள் கடையில் ஏற்கெனவே கண்ணாடி வாங்கியிருந்த ஒருவர், அதில் எழுத்து கலங்குவதாகச் சொல்லி மீண்டும் வந்தார். ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். நான் பார்க்கிறேன் என்றதற்கு, என் உதவியாளரான பெண்ணிடமே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவளைத் தங்கச்சி என்றே அழைத்தார். வழக்கப்படி அவள் அவரை உள்ளறையில் உட்காரவைத்து விளக்கை அணைத்தாள். அங்கே எழுத்துப் பலகைக்கு மட்டுமே வெளிச்சம் இருக்கும்.

அதன் பின் அவர் எழுத்துகளைப் படிப்பது எனக்கு வெளியே கேட்டது. ஆகச் சிறிய கடைசி வரியையும் பிழையின்றிப் படித்தார். அதன் பின் அவளுடைய குரல் நின்றது. இருட்டில் உட்கார்ந்திருப்பவரிடம் நாங்கள் பேச்சை நிறுத்துவதில்லை. ஆகவே உள்ளே போய் விளக்கைப் போட்டேன். அவர் கால்சட்டையைத் திறந்து, ஆணுறுப்பை வெளியே எடுத்துக் கையில் பிடித்திருந்தார். வெளிச்சம் வந்த பிறகும் அவசரப்படவில்லை. "தானா அவுந்திருக்கும் மேடம். எனக்குத்தான் கண்ணு சரியாத் தெரியாதே" என்றார். நான் வெளியே போகச் சொன்னேன். போனார்.

அதன் பின் உதவியாளர் நாற்காலியின் கைகளை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தாள். ஒவ்வொருவர் போன பின்னும் செய்வதுதான். பஞ்சு பிய்ந்து உதிர்ந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள். "போன தடவையும் இதேதான்க்கா. இருட்டுல நான்தான் தப்பாப் பாத்துட்டேன்னு நெனச்சேன். ஊருக்கெல்லாம் கண்ணு பாக்கறேன், என் கண்ணை நானே நம்பல" என்றாள்.

அதன் பின் கடை உரிமையாளர், "ஆள் போன்ல மன்னிப்புக் கேட்டுட்டாரு. இது வெளிய போனா நாறப்போறது நம்ம கடை பேருதான். அந்தப் பொண்ணை பில் போடற இடத்துல உக்கார வெச்சிடலாம்" என்றார். அந்த ஆள் செய்ததற்கு இவள் ஏன் இடம் மாற வேண்டும் என்று கேட்டேன்.

தண்டனை என்ன என்று இங்கே கேட்டேன். "மூணு மாசம் வரைக்கும் போடலாம் மேடம். ஆனா முக்காவாசிப் பேர் அபராதம் கட்டிட்டு சாயங்காலமே வீட்டுக்குப் போயிடுவாங்க" என்று துணை ஆய்வாளர் சொன்னார். இந்த வாக்குமூலத்தில் முதலில் அவர் 'அநாகரிகமாக நடந்துகொண்டார்' என்று எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு, நான் பார்த்ததையே எழுதும்படி கேட்டுக்கொண்டேன். எழுதினார்.

அந்த ஆள் தம் கண்ணாடியை உள்ளறையில் மறந்துவிட்டுப் போயிருக்கிறார். நேற்று தொலைபேசியில், அதைத் தங்கச்சி கையாலேயே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். பேசியது நான் என்பது அவருக்குத் தெரியவில்லை. அவர் இனி வரமாட்டார் என்றால்தான் உள்ளறைக்குள் கால் வைப்பேன் என்று உதவியாளர் சொல்லியிருக்கிறாள். கண்ணாடியைச் சோதித்துப் பார்த்தேன், அதில் எந்தக் குறையும் இல்லை. அதன் கூட்டில் போட்டு இத்துடன் ஒப்படைக்கிறேன். அவர் இந்த நிலையத்துக்கு வந்து வாங்கிக்கொள்ளட்டும்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நானும் படித்துப் பார்த்தேன். அனைத்தும் நான் கண்டதும் கேட்டதுமான உண்மை.

(ஒப்பம்)