ஏழு பங்கு அலுமினியம்

செம்பைத் தங்க நிறத்துக்குக் கொண்டுவர எனக்குச் சரியாக முப்பத்தொரு மணி நேரம் பிடித்தது. சோறு குழையாமல் வடிக்க இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் மெட்ராஸில் பி.எஸ்ஸி. படித்துவிட்டுப் பினாங்குக்குத் திரும்பியவள். வேதியியலில் முதல் வகுப்பு. அக்காவின் கணவர் விஸ்வலிங்கம் அத்தான் வருவோரிடமெல்லாம், "எங்கட சற்குணம் தண்ணியை ரெண்டாப் பிரிப்பா. தேத்தண்ணி போடத்தான் தெரியாது" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆண்கள் இருக்கும் அறையில் அதற்கு மேல் எனக்கு எதுவும் வராது.

ஜப்பான்காரர்கள் வந்த மூன்றாம் வருஷம், ரேடியோ ஒளித்து வைத்திருந்ததற்காக அத்தானைப் பிடித்துப் போனார்கள். ஒரு வாரம் கழித்து, அவர்களுக்கு மொழிபெயர்க்கும் ராமதாஸ் வந்தார்.

"அக்கா, ஆபீசர் தங்கம்தான் கேக்குறாருலா. அவங்களே அடிச்ச வாழைமர நோட்டு வேணாமாம். பன்னண்டு பவுன். புதன்கிழமை காலைல குடுங்க, மத்தியானம் அண்ணன் வீட்டுல சாப்பிடுவாரு."

அக்காவின் நகைகள் எப்போதோ அரிசியாகிவிட்டன. மிச்சம் இருந்தவை என் சீதனத்துக்கென்று அப்பா விட்டுப்போன நான்கு காப்புகள். சரியாகப் பன்னிரண்டு பவுன்.

"அவர் வந்தா உனக்கு ஒண்டுக்கு ரெண்டாச் செய்து போடுவார், தங்கச்சி," என்றாள் அக்கா.

"ஓம் அக்கா," என்றேன்.

திருடனுக்கு எதற்கு நல்ல தங்கம் என்று பிறகு யோசித்தேன். அதில் தவறு தெரியவில்லை. எனக்கு இருபத்தேழு வயது. பெண் பார்க்க வந்தவர்கள் யாரும் என் முதல் வகுப்பைப் பற்றி இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. காப்புகளைப் பற்றிக் கேட்டார்கள்.

புதன்கிழமைக்கு இடையில் இருந்த இரண்டு நாளும் அக்கா சிறை வாசலில் நின்றாள். நான் அடுப்படியில் நின்றேன். பின்சந்துக் கொல்லர் சுப்பையாவிடம் துருத்தி இரவல் கேட்டேன், துணி துவைக்கச் சவர்க்காரம் காய்ச்ச என்று.

"சவர்க்காரத்துக்குத் துருத்தியா? காலேஜுல அப்படியாம்மா சொல்லிக் குடுத்தாங்க?" என்றார். சிரித்துவைத்தேன்.

முதலில் பித்தளை விளக்கு. எலுமிச்சை மஞ்சளாக வந்தது, தொட்ட விரலும் நாறியது. அடுத்துச் செம்புக் குடத்தை வெட்டி உருக்கி, அலுமினியச் சட்டியின் மூடியைச் சிறிது சிறிதாகச் சேர்த்தேன். நூற்றுக்கு மூன்று பங்கில் சிவப்பு போகவில்லை. பத்தில் வெளிறிவிட்டது. ஏழில் அப்பாவின் காப்பே எழுந்து வந்தது. பாசாரில் வாங்கிய கணவாய் மீனின் மெத்தென்ற ஓட்டில் அசல் காப்பை அழுத்தி அச்சு எடுத்தேன். வார்த்ததைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கினேன். ஒரு குடமும் ஒரு மூடியும்தான் செலவு. படித்த படிப்பு முதல் தடவையாக உபயோகப்பட்டது. பாராட்டத்தான் ஆளில்லை.

புதன்கிழமை காலை ராமதாஸ் பொட்டலத்தை வாங்கிப் போனார். அக்கா வைத்திருந்த கடைசி அரிசியை அத்தானுக்காக நான் வடித்தேன். குழைந்துவிட்டது. சாப்பிட அவர் வரவில்லை. ராமதாஸும் திரும்பவில்லை. அன்று மாலையே இருவரையும் கொன்றுவிட்டதாக, சிறையிலிருந்து வெளிவந்த ஒருவர் சொன்னார். ஆபீசர் நிறத்தைப் பார்க்கவே இல்லையாம். காப்புகளை உள்ளங்கையில் வைத்து ஒரே ஒரு தடவை தூக்கிப் பார்த்தாராம்.

நிறத்துக்காக முப்பத்தொரு மணி நேரம் கண் விழித்தவள் எடையை மறந்துவிட்டாள். முதல் வகுப்பு. இதை நினைத்துப் பல மாதம் என்னை நானே கேலி செய்திருக்கிறேன்.

அக்கா ராமதாஸைத் திட்டுகிறாள். "பாவி, வழியில மாத்திப்போட்டான்," என்கிறாள். தன் பங்கு மரவள்ளிக்கிழங்கையும் என் தட்டில் வைக்கிறாள். "உன்ர சீதனத்தையே குடுத்தனி. நீ சாப்பிடு."

சாப்பிடுகிறேன்.

மறதி என்றே இதுவரை சொல்லிவந்தேன். இனி முடியாது, நேற்று அக்கா எனக்கு ஒரு வரன் பார்த்திருக்கிறாள்; அவர்களும் காப்புகளைப் பற்றித்தான் கேட்பார்கள். அந்தப் புதன்கிழமை விடியற்காலை, அத்தானின் கடிதத் தராசில் இரண்டையும் நிறுத்தேன். அசல் பன்னிரண்டு பவுன். என்னுடையது ஐந்தேகால். கண்ணை மூடிக்கொண்டு தூக்கினாலும் தெரியும். இரண்டாவது முறையும் நிறுத்துப் பார்த்தேன். பிறகு அசலைத் துணியில் சுற்றிச் சாம்பல் பானைக்குள் வைத்துவிட்டு, மற்றதைப் பொட்டலம் கட்டினேன்.