தெமூர் ஊற்றிய ஒயின்

திராட்சைக்கு மழை ஆகாது, ஐயா. அறுப்புக்கு முன்னால் பெய்தால் பழம் ஊதிவிடும், சாறு தண்ணீராகிவிடும். போன இலையுதிர் காலத்தில் எங்கள் காகேத்தி மலையடிவாரம் முழுக்க அப்படித்தான் ஆயிற்று. யாரையும் குறை சொல்ல முடியாது.

நானும் தம்பி தெமூரும் மட்டுமே பார்த்துக்கொண்ட சின்ன ஒயின் சாலை அது. மண்ணில் புதைத்த தாழியில்தான் சாறு நொதிக்கும். இளவேனிலில் தாழியைத் திறந்து ருசித்த தெமூர் உடனே துப்பினான்.

"இது ஒயினா அண்ணே? ஊறுகாய்த் தண்ணி. இந்த வருஷம் தெலாவி ஒயின் விழாவுக்குப் போக வேணாம்."

"போகலேன்னா செத்துட்டோம்னு நினைப்பாங்கடா."

முந்தின ஆண்டு விழாவில் எங்கள் ஒயினை ஒரு வாய் வைத்துவிட்டு, என் கண்ணெதிரே புல்லில் கொட்டினார்கள். பக்கத்துக் கடை கோச்சா, "பாத்துய்யா, புல்லு கருகிடப் போகுது" என்றான். சிரித்தவர்களில் எங்கள் பாதிரியாரும் ஒருவர். நான் கோபப்படவில்லை. கோபம் வந்தால் கை நடுங்கும். கோப்பையில் ஊற்றுகிறவனுக்கு அது ஆகாது.

பனிக்காலத்தில் குழாய்கள் உறையாமலிருக்க ஒரு திரவம் ஊற்றுவோம். அது இனிக்கும். ஒயினில் கலந்தால் புளிப்பு அடங்கும், ருசி நாக்கில் நிற்கும். நான் முன்யோசனை இல்லாதவன் அல்ல. முதலில் எங்கள் நாய்க்கு வைத்துப் பார்த்தேன். குடிகாரனைப் போலத் தள்ளாடியது. பிறகு சிறுநீர் நின்றுபோய்ச் செத்தது. நாய் சின்ன உடம்பு. விழாவில் ஆளுக்கு ஒரு வாய்தானே குடிக்கப்போகிறார்கள்?

ஒயின் தாழியிலேயே தேறிவிட்டது என்று தெமூரிடம் சொன்னேன். ருசித்தவன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். அவன் அழுது பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

விழாவன்று பூங்காவில் நல்ல வெயில். எங்கள் மேசைக்கு முதலில் வந்தவர் நாயிரா டீச்சர்.

"போன வருஷம் கூசின பல்லு இன்னும் சரியாகல. முதல்ல ஊத்துறவன் குடிக்கட்டும்" என்றார்.

"குடிச்சிட்டாப் போச்சு டீச்சர்" என்று தெமூர் ஒரே மூச்சில் கோப்பையைக் காலி செய்தான். டீச்சரும் குடித்தார். பிறகு இன்னொன்று கேட்டார்.

அதன்பின் வந்தவர் ஒவ்வொருவருடனும் அவன் குடித்தான். ஒவ்வொரு தடவையும் கோப்பையை உயர்த்தி, மண்ணுக்காக, இறந்தவர்களுக்காக, எங்கள் அம்மாவுக்காக என்று சொல்லிக் குடித்தான். எனக்கு வயிற்றுப்புண் என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டேன். அவனைத் தடுத்திருக்கலாம். ஊற்றுகிறவனே குடிக்காவிட்டால் வந்தவர்கள் எதை நம்பிக் குடிப்பார்கள்? கடைசியில் கோச்சாவே வந்தான். மூன்று கோப்பை குடித்துவிட்டு, "தோத்துட்டேன்யா" என்று என் தோளில் தட்டினான்.

முதலில் போனவர் டீச்சர். அடுத்து கோச்சா. மற்ற பெயர்கள் உங்களிடம் இருக்கின்றன.

தெமூரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அவனுக்கும் சிறுநீர் நின்றிருந்தது. மருத்துவர் என்னை வராந்தாவுக்கு அழைத்தார்.

"உள்ள என்ன போயிருக்குன்னு தெரிஞ்சா அதுக்கு மருந்து இருக்கு. தெரியாம நான் எதைக் குடுக்க? வேற என்ன குடிச்சாரு?"

"எங்க ஒயின் மட்டும்தான்" என்றேன். அது பொய்யில்லை.

உள்ளே போனேன். தெமூர் என் கையைப் பிடித்துக்கொண்டான். விரல்கள் வீங்கியிருந்தன.

"எவனோ நம்ம ஜாடியில எதையோ கலந்துட்டான் அண்ணே. நம்ம ஒயின்ல ஒரு குறையும் இல்லேன்னு டாக்டர்கிட்ட சொல்லு."

"சொல்லிட்டேன்டா."

அவன் தலையசைத்தான். விடிவதற்குள் அந்தக் கை குளிர்ந்துவிட்டது.

கலந்தவன் நான்தான், ஐயா. வராந்தாவில் அந்த மருத்துவர் என் வாயையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஒரு வார்த்தை போதும் என்று எனக்கும் தெரியும். ஆனால் தம்பிக்கு எங்கள் ஒயின்மேல் அவ்வளவு நம்பிக்கை. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.