சின்னதாயிட்டே வந்த கடை

மத்தியானம் ரெண்டு மணி. ஞாயித்துக்கிழமை. கடைவீதி முழுக்க ஷட்டர் இறங்கியிருக்கு... ரோட்டுல ஒரு நாய்கூட இல்ல. பேய்க்கு ராத்திரிதான் தோதுன்னு யார் சொன்னது? சிரிக்காதீங்க. நெருங்கி உக்காருங்க.

என் ஃபிரெண்டோட சித்தப்பா கொத்தனார். அவரும் அவர் மச்சானும், அதான் சித்தியோட அண்ணன், ஜோடியாத்தான் வேலைக்குப் போவாங்க. இப்படி ஒரு ஞாயித்துக்கிழமை, கடைவீதி நடுவுல இருக்கிற பழைய மாடிக் கட்டடத்துல, கீழ்க் கடையில வேலை. கிளம்பும்போதே சித்தி சொன்னாங்க, "அந்தக் கட்டடம் எனக்குப் பிடிக்கல. எங்க அண்ணனைக் கையோட கூட்டிட்டு வந்துடுங்க."

பிடிக்காததுக்குக் காரணம் இருக்கு. அந்தக் கடை அறுபது வருஷத்துல நாலு கை மாறினது. முதல்ல ஜவுளி. அப்புறம் கடிகாரம். டைப்பிங் கிளாஸ். கடைசியா செல்போன். காலி பண்ணும்போது நாலு பேரும் ஒரே பாட்டுதான் பாடினாங்க... "கடை சின்னதாயிட்டே வருதுங்க." ஊரே சிரிச்சுது. ஆனா ஜவுளிக்காரர் ஆறு வரிசை அலமாரி போட்ட இடத்துல, செல்போன்காரரால நாற்காலியைப் பின்னால தள்ள முடியல.

புது ஓனர் மருந்துக்கடை வைக்கப் போறார். "பின்சுவரை இடிச்சுடுங்க"ன்னுட்டார்.

சித்தப்பா பூச்சைக் கொத்தினார். செங்கல் தெரிஞ்சுது. என்னமோ உறுத்த, அதையே பார்த்துட்டு நின்னார். மச்சான் அதுக்குள்ள கடப்பாரையால ஆள் நுழையற அளவுக்கு ஓட்டை போட்டுட்டார். உள்ளேர்ந்து குப்புனு ஒரு வாசனை... ஈரச் சுண்ணாம்பு. நேத்து கட்டின மாதிரி. "உள்ள இடம் இருக்கு மாப்ளே, பார்த்துட்டு வரேன்"னு டார்ச்சோட நுழைஞ்சுட்டார்.

அப்பதான் சித்தப்பாவுக்கு உறைச்சுது. சுவர் கட்டறப்போ கொத்தனார் எந்தப் பக்கம் நிக்கிறாரோ, அந்தப் பக்கக் கலவையைக் கரண்டியால வழிச்சுடுவார். மறுபக்கம் பிதுங்கி அப்படியே காஞ்சிருக்கும். இங்க பிதுங்கியிருந்தது... கடைப் பக்கம். கட்டினவன் உள்ள நின்னு கட்டியிருக்கான்.

"மச்சான், வெளிய வாங்க!"

"இருங்க... இன்னும் ரெண்டு வரிசைதான்."

சரக்... சரக்... கரண்டியால கலவை இழுக்கிற சத்தம். மச்சானோட கரண்டி வெளிய சட்டியில கிடக்கு.

ஓட்டையில ஒரு செங்கல் வந்து உக்காந்துச்சு. அப்புறம் இன்னொண்ணு. சித்தப்பா கையை விட்டுத் துழாவினார். விரல் கிடைச்சுது... ஜில்லுன்னு, கலவை அப்பின விரல். இழுத்தார். வழுக்கிடுச்சு. அவர் கையை எடுக்கவும் கடைசிச் செங்கல் உக்காரவும் சரியா இருந்துச்சு.

வீட்டுக்குப் போய் பொண்டாட்டி முகத்துல எப்படி முழிக்கிறது? வெறி பிடிச்ச மாதிரி இடிச்சார். சத்தம் கேட்டு பக்கத்துத் தெருவுலேர்ந்து நாலு பேர் ஓடி வந்து கைகொடுத்தாங்க. சுவர் விழுந்துச்சு. பின்னால ஒரு ஆள் அகலத்துக்கு இடம்... காலி. டார்ச் எரிஞ்சுட்டே கீழ கிடந்துச்சு. அதைத் தாண்டி இன்னொரு சுவர். ஈரமா.

யாரோ போய் சித்தியைக் கூட்டிட்டு வந்தாங்க. அவங்க நேரா அந்தச் சுவத்துல காதை வச்சாங்க.

"அண்ணா..."

உள்ள கரண்டிச் சத்தம் நின்னுச்சு. அண்ணன் குரலேதான். எப்பவும் போல, வேலைக் களைப்போட...

"தங்கச்சி, ஒத்தையில வேலை ஓட மாட்டேங்குது. மாப்பிள்ளையை உள்ள அனுப்பு."