சாங்கின் ஈரல்

வாத்து மேய்ப்பவனுக்குப் பொறுமை அதிகம் என்பார்கள். உண்மையில் பொறுமை வாத்துகளுக்குத்தான், டாக்டர். அவற்றின் பின்னால் நடப்பவனுக்கு அது தேவையில்லை. ஆனால் நோயாளியாக இருக்கப் பொறுமை வேண்டும். என்னிடம் அது இல்லை. என் மனைவியின் தம்பி சாங்கிடம் ஏராளமாக இருந்தது. நடந்தது எல்லாம் இந்த ஒரு வித்தியாசத்தால்தான்.

மூன்றரை வருடம் முன்பு வாத்து விற்க சைகோன் போனபோது, கண் மஞ்சளாக இருக்கிறதே என்று ஒரு வியாபாரி சொன்னார். ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்தேன். கல்லீரல் அழற்சி பி வைரஸ், பிறந்ததிலிருந்தே இருந்திருக்கும் என்றார்கள். ஈரலில் தழும்பு மூன்றாம் கட்டமாம். சாராயத்தை இன்றே விட வேண்டும், தினமும் மாத்திரை போட வேண்டும், நிறுத்தவே கூடாது. திரும்பும் வழியில் படகுத்துறையில் ஆஸ்பத்திரிச் சீட்டை ஆற்றில் விட்டேன். சாயங்காலம் எங்கள் சாராய வட்டத்தில் வழக்கம்போல ஒரே கோப்பை கை மாறிச் சுற்றி வந்தது. வைக்கோலில் சுட்ட விரால் மீன் இருந்தது. இதையெல்லாம் விடச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆறு மாதத்தில் வட்டத்தில் ஒருவர் ஈரல் கெட்டுச் செத்தார். என் மனைவி தூயெட் பயந்துபோய் என்னையும் சாங்கையும் உங்கள் கிளினிக்குக்கு அனுப்பினாள். பெயர் பதிந்தது நான். சாங் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தான். தட்டி எழுப்பினேன்.

"மாப்ள, அந்தப் பொண்ணு நம்ம பேரை மாத்தி எழுதிட்டா. கியெம்னு என் பேரைக் கூப்பிட்டா நீ போ. சாங்னா நான் போறேன். இல்லாட்டி திரும்ப வரிசையில நிக்கணும்."

"சரி அத்தான்," என்றான். காரணம் கேட்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.

ரத்தம் எடுத்ததும் ஸ்கேன் எடுத்ததும் நர்ஸ். நீங்கள் அன்று எங்களைப் பார்க்கவில்லை. உங்கள் மேல் நான் குறை சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து, சாங் பெயரில் வந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு அவனை உட்காரவைத்து விளக்கினீர்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். வைரஸை விரட்டப்போய் உடம்பே தன் ஈரல் செல்களைக் கொல்லும், பக்கத்துச் செல்கள் பெருகி அந்த இடத்தை நிரப்பும் என்றீர்கள். ஈரலும் வயல் மாதிரிதானாம். வெள்ளம் ஒரு தடவை வந்து போனால் வயல் பழையபடி விளையும். ஓயாமல் வந்தால், உடைந்த இடமெல்லாம் மண் போட்டு மண் போட்டு வரப்பு பெருத்துவிடும், வயல் சுருங்கிவிடும். வரப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட துண்டு நிலத்தில் எது முளைத்தாலும் தண்ணீர் சரியாகப் போய்ச் சேராது. அருமையாகச் சொன்னீர்கள், எனக்கு நன்றாகப் புரிந்தது. சாங்தான் குழம்பிப்போய், "எனக்கு வயலே கிடையாதே, டாக்டர்," என்றான்.

நோய் அவனுக்குப் பொருந்தியது. அன்றே குடியை விட்டான். ஒரு நாள் கூட மாத்திரை தவறவில்லை. மாமியார் காய்ச்சிக் கொடுத்த கசப்புக் கஷாயத்தை முகம் சுளிக்காமல் குடித்தான். சேர்ந்து சாப்பிட்டால் தொற்றாது என்று நீங்கள் சொல்லியும் மாமியார் கேட்கவில்லை, அவனுக்குத் தனிக் கிண்ணம், சாப்பிடத் தனிக் குச்சி. நீல விளிம்பு போட்ட அந்தக் கிண்ணத்தைச் சந்தையில் தேடி வாங்கியது நான்தான். நல்ல கிண்ணம். சாப்பாட்டில் அவனிடமிருந்து நானும் சற்றுத் தள்ளியே உட்கார்ந்தேன். எல்லோரும் தள்ளி உட்காரும்போது நான் மட்டும் ஒட்டி உட்கார்ந்தால் நன்றாக இருக்காது.

வீட்டில் எல்லோரும் தடுப்பூசி போட வேண்டும் என்றீர்கள். தூயெட் போட்டுக்கொண்டாள். என்னிடமிருந்து என் மனைவியைக் காப்பாற்றியவன் நான்தான். இதை யாரும் யோசித்துப் பார்க்கப்போவதில்லை.

சாங்குக்கு சாடெக்கில் பெண் நிச்சயம் ஆகியிருந்தது. பூ வளர்க்கும் குடும்பம். நோயை மறைத்துக் கல்யாணம் செய்வது பாவம் என்று நானே போய்ச் சொன்னேன். நிச்சயத் தட்டுகளைத் திருப்பிக் கொண்டுவந்ததும் நானே. பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள மாதிரி நேர்மையா இந்தக் காலத்துல யாரு சொல்றாங்க," என்று அழுதாள். எனக்கும் கண் கலங்கியது.

சாங் கோபப்படவில்லை. "அவங்க பொண்ணு, பயப்படத்தானே செய்வாங்க, அத்தான்," என்று சொல்லிவிட்டு மாத்திரை சாப்பிடப் போனான். அந்தப் பெண்ணுக்கு இப்போது ஒரு லாரிக்காரரின் வீட்டில் இரண்டு குழந்தைகள்.

இரண்டு வருடத்தில் அவன் ஈரல் பஞ்சு மாதிரி இருந்தது. வைரஸின் சுவடே இல்லை. இப்படி ஒருவர் குணமாகி நீங்கள் பார்த்ததில்லை என்றீர்கள். ஊர் ஒலிபெருக்கியில் விடியற்காலையில் சாங்கைப் பேசவைத்தார்கள். ஒழுக்கமாக இருந்தால் தழும்பும் கரையும் என்று அவன் எனக்கே புத்தி சொன்னான். அதைப் பொறுத்துக்கொள்வதுதான் கஷ்டமாக இருந்தது.

பிறகு என் வயிறு வீங்கியது, ரத்த வாந்தி வந்தது. மூன்று வருடம் முன்பு சுத்தமாக இருந்த ஈரல் எப்படி இவ்வளவு சீக்கிரம் இறுகிப்போனது என்று என் பழைய ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். வேறு ஈரல்தான் வழி என்றீர்கள். நல்ல ஆளிடமிருந்து பாதிக்கு மேல் வெட்டி எடுத்தாலும் அவருக்குச் சில மாதத்தில் வளர்ந்துவிடுமாம். சாங் உடனே சட்டையைத் தூக்கிக் காட்டினான். நோய் வந்துபோன ஈரலைத் தொடமாட்டோம் என்று நீங்கள் மறுத்துவிட்டீர்கள். அவன் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதான்.

"எனக்கு மட்டும் இந்த வியாதி வராம இருந்திருந்தா, உங்களக் காப்பாத்தியிருப்பேன் அத்தான். எல்லாம் என்னாலதான்."

அதை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு நல்லவனை அப்படிக் குற்றவுணர்ச்சியோடு வாழவிடக் கூடாது. அதனால்தான் சொல்கிறேன், டாக்டர். அவனுக்கு எந்த நாளும் நோய் இருந்ததில்லை. அந்த ஈரலில் ஒரு கீறல்கூடக் கிடையாது. எங்கள் ரத்த வகையும் ஒன்றுதான், காலையில் நர்ஸிடம் கேட்டுவிட்டேன்.

நான் பெயர் மாற்றியதை மட்டும் அவனுக்குத் தையல் பிரித்தபிறகு சொல்லுங்கள். இளகிய மனசு. முன்னாலேயே தெரிந்தால் பாவம், மனசு ஒடிந்துபோவான்.