விளிம்பு வைத்த பிளேட்

கேமரா ட்ரைபாடுக்குப் பிளேட் வாங்கும்போது பெரும்பாலானவர்கள் அது எவ்வளவு கனம் தாங்கும் என்றுதான் கேட்கிறார்கள். பின்பக்கம் விளிம்பு இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன். எதையும் பார்த்துத்தான் வாங்குவேன், டாக்டர். அப்பாவின் புண்ணை எப்போது முதலில் பார்த்தாய் என்று கேட்டீர்கள். ஒரு தேதியைச் சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஆனால் வெறும் தேதியைச் சொன்னால் என்னைக் கவனக்குறைவானவள் என்று நினைப்பீர்கள். அதனால் பிளேட்டிலிருந்து தொடங்குகிறேன். நான் அதிகம் பேசிப் பழகியவள் இல்லை. நடுவில் கேள்வி கேட்காமல் இருந்தால் எனக்குச் சுலபம்.

பிளேட் என்பது கேமராவின் அடியில் திருகிப் பொருத்தும் சின்ன உலோகத் துண்டு. அதோடு சேர்த்துக் கேமராவை ட்ரைபாடின் தலையில் உட்கார வைப்போம். வேலை முடிந்ததும் கழற்றலாம், மறுநாள் மாட்டலாம். சாதாரண பிளேட் மேலே வழவழப்பாக, ஒரு ரப்பர் ஒட்டி இருக்கும். அதில் கேமரா ஒரு நூல் அளவு திரும்பிவிடும். கண்ணுக்குத் தெரியாது, படத்தில் தெரியும். விளிம்பு வைத்த பிளேட்டில் கேமராவின் முதுகு விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கும். திரும்ப இடம் இருக்காது.

கல்லூரியில் தாவரவியல் படித்தபோது இலைப்புள்ளி நோயைப் படமெடுத்துப் பழகினேன். ஒரே இலை, ஒரே கோணம், பக்கத்தில் ஒரு ஸ்கேல், தினமும் ஒரே நேரம். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் வேறு ஊரில் இருக்கும் ஓர் ஆய்வுக்கூடம் எனக்கு வேலை தந்தது. அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும். அந்தக் கடிதத்தை அப்பாதான் முதலில் பிரித்துப் படித்தார். "பாப்பா, உன்னை இலை பாக்கக் கூப்பிடுறாங்க. நம்ம வீட்டுல ஆடு இருந்தா அதுவும் அப்ளை பண்ணியிருக்கும்" என்றார். அன்று முழுக்க இதையே நாலு பேரிடம் போனில் சொல்லிச் சிரித்தார்.

அப்பா முப்பத்தோரு வருடம் பேருந்து ஓட்டியவர். பத்து வருடமாகச் சர்க்கரை நோய். பாதத்தில் உணர்ச்சி போய் இரண்டு வருடம் ஆகிறது. அம்மா இல்லை. அண்ணன் தூரத்தில் இருக்கிறான், அண்ணியோடு. நான் வேலைக்குப் போக வேண்டுமானால் அவன் வந்து அப்பாவை அழைத்துப் போக வேண்டும். அவ்வளவுதான் விஷயம். சிக்கலான கணக்கு ஒன்றும் இல்லை.

அண்ணனிடம் கேட்டேன்.

"அப்பா நல்லாத்தானே இருக்காரு? நடக்கிறாரு, சாப்பிடுறாரு, ஜோக் அடிக்கிறாரு. இப்ப எதுக்கு அவரை இடம் மாத்தணும்?"

"அப்போ நான் கிளம்பலாமா?"

"சர்க்கரை இருக்கிற மனுஷனைத் தனியா விட்டுட்டு எப்படிம்மா கிளம்புவ? மனசு வருமா உனக்கு?"

அவன் வருவதற்கு அப்பா நன்றாக இருந்தார். நான் போவதற்கு அப்பா நன்றாக இல்லை. இரண்டும் ஒரே அப்பாதான்.

புண் வந்தது அந்த வாரம். வலது பாதத்தின் அடியில், கட்டைவிரலுக்குக் கீழே. செருப்புக்குள் கிடந்த ஒரு கல்லோடு அவர் அரை நாள் நடந்திருக்கிறார். தெருமுனை கிளினிக் டாக்டர் சுத்தம் செய்து, கட்டுப் போட்டு, பதினான்கு நாளுக்கு மாத்திரை எழுதினார். காலை ஊன்றக் கூடாது, ஒரு வாரத்தில் திரும்ப வர வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்ததும் கட்டைப் பிரித்துப் போனில் புண்ணைப் படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன்.

"வெளிச்சம் அப்படி விழுது. அதான் பெருசா தெரியுது" என்றான்.

மறுநாள் அவன் முன்பு விட்டுப்போன டிஜிட்டல் கேமராவை எடுத்து ட்ரைபாடில் வைத்து எடுத்தேன். அதோடு வந்த பிளேட் வழவழப்பானது. அடுத்த நாளும் எடுத்து அனுப்பினேன். அண்ணன் இரண்டு படங்களையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான்.

"நேத்து கால் ஒரு பக்கம் திரும்பியிருக்கு, இன்னைக்கு இன்னொரு பக்கம். எதை வெச்சு நான் நம்புறது, விஞ்ஞானி அம்மா?"

அவன் சொன்னதில் தவறில்லை. கோணம் மாறினால் ஒப்பிட முடியாது. எங்கள் பேராசிரியரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

கேமராக் கடைக்காரர் ஏழெட்டு பிளேட்களை மேசையில் பரப்பினார். நீளமானது, கட்டையானது, ஒரு மாடல் கேமராவுக்கு மட்டுமே பொருந்துவது. ஒவ்வொன்றிலும் கேமராவை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டிப் பார்த்தேன்.

"அப்படி என்னம்மா எடுக்கிறீங்க? பறவையா?"

"செடி."

"செடி எங்கம்மா ஓடிப்போகப் போகுது? இதுக்குப் போய் இம்மாம் பெரிய பிடி வேணுமா?"

விளிம்பு வைத்ததை எடுத்துக்கொண்டேன். விளிம்பு கேமராவின் முதுகோடு சரியாக ஒட்டியது. திருகை இறுக்கிய பிறகு இரண்டு கையாலும் திருப்பிப் பார்த்தேன். அசையவில்லை. பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் ஒன்று என் பேச்சைக் கேட்டது போல இருந்தது.

அதிலிருந்து முறையாகத் தொடங்கினேன். ட்ரைபாடின் மூன்று கால்களையும் சுற்றித் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டேன். ஸ்டூல், அதன் மேல் நீலத் துண்டு, துண்டின் மேல் அப்பாவின் குதிகால், பக்கத்தில் ஸ்கேல். காலை எட்டு மணி. இதைத்தான் முதல் நாள் என்று கணக்கு வைத்திருக்கிறேன். உங்கள் மேசையில் இருக்கும் கேமராவில் பதினேழு படங்கள் இருக்கின்றன. ஒன்றன்மேல் ஒன்று வைத்தாலும் துண்டின் மடிப்புகூட விலகாது.

முதல் நாள் புண் இருபத்தொரு மில்லிமீட்டர். மூன்றாம் நாள் பதினெட்டு. மாத்திரை வேலை செய்தது. நல்ல செய்தி. அண்ணனுக்கு அனுப்பினேன்.

"பாத்தியா? ஆறிக்கிட்டே வருது. நீதான் ஊரைக் கூட்டுற. ஒரு வருஷம் பொறும்மா, அந்த லேப் எங்கயும் ஓடிடாது" என்றான். பின்னால் அண்ணி, "அவகிட்ட நல்லா எடுத்துச் சொல்லுங்க" என்பது கேட்டது.

ஒரு வருடம் என்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் இரண்டு அறை, ஒரு சமையலறை. கூடத்து ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். கை நீட்டினால் தொடலாம். படிப்பு முடிந்து மூன்று வருடமாக அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் எந்த இடத்தில் பூச்சு உதிர்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

நான்காம் நாள் மாத்திரையைத் தள்ளிப்போட்டேன். நிறுத்தினேன் என்று சொன்னால் தவறாகப் புரிந்துகொள்வீர்கள். தேவைப்பட்டால் மறுநாள் தொடரலாம் என்றுதான் இருந்தேன். நேரத்துக்கு மாத்திரை வரவில்லை என்றால் அப்பா கேட்பார். அதனால் அதே நிறத்தில் ஒரு சத்து மாத்திரை கொடுத்தேன். கட்டு மாற்றாமல் ஒரு நாளும் விட்டதில்லை. அப்பாவின் கால் எப்போதும் சுத்தமாக இருந்தது. நீங்களே நேற்று அதைச் சொன்னீர்கள்.

அவருக்குக் குனிந்து தன் உள்ளங்காலைப் பார்க்க முடியாது, வயிறு இடிக்கும். வலியும் தெரியாது. அதனால் தினமும் படம் எடுத்ததும் கேமராவுக்குக் கை நீட்டுவார். ஆறாம் நாள் புண் இருபத்தாறு. ஒரு நோயாளியைப் பயமுறுத்தக் கூடாது. பொத்தானை மூன்று முறை பின்னால் அழுத்தி, மூன்றாம் நாள் படத்தைக் கொடுத்தேன். அதே ஸ்டூல், அதே துண்டு, அதே ஸ்கேல். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கிட்ட வைத்துப் பார்த்தார்.

"நேத்து மாதிரியேதானே இருக்கு?"

"மெதுவாத்தான் ஆறும்ப்பா."

"ஆறட்டும், ஆறட்டும். முப்பத்தோரு வருஷம் ஆக்சிலேட்டர் மிதிச்ச காலு. லீவு கேக்குது, குடுத்துட வேண்டியதுதான்."

அதன் பிறகு தினமும் அந்தப் படத்தைத்தான் பார்த்தார். வழவழப்பான பிளேட்டாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது. ஏதோ ஒரு நாள் துண்டின் ஓரம் எங்கே போயிற்று என்று கேட்டிருப்பார். பேருந்து ஓட்டியவர், கோணலைக் கண்டுபிடிக்கிற கண் அவருக்கு உண்டு.

புண் தேறுகிறது என்று நம்பியதால் திரும்பக் கிளினிக் போவதைப் பற்றி அவர் கேட்கவில்லை; எட்டாம் நாள் பணிமனை வரை நடந்துபோய்ப் பழைய ஆட்களைப் பார்த்துவிட்டு வந்தார். நான் தடுக்கவில்லை. அவர் சந்தோஷமாகக் கிளம்பினார். மறுநாளும் போனார்.

பத்தாம் நாள் வீட்டில் ஏதோ நாற்றம் என்றார். "பாப்பா, அலமாரிக்குப் பின்னாடி எலி செத்துக் கிடக்குதா பாரு." அலமாரியை நகர்த்தினோம். அவரும் ஒரு பக்கம் பிடித்தார். எலி இல்லை. "அப்போ பக்கத்து வீட்டு எலியா இருக்கும். நம்ம வீட்டு எலிக்கு இவ்வளவு ஒசத்தியான வாசனை வராது" என்றார். நான் சிரித்தேன். உண்மையாகவே சிரிப்பு வந்தது.

பன்னிரண்டாம் நாள், மூன்றாம் நாள் படத்தையும் அன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அண்ணனுக்கு அனுப்பினேன். வெளிச்சம், கோணம் என்று எதையும் அவனால் சொல்ல முடியவில்லை.

"டிக்கெட் போடுறேன்" என்றான். ஐந்து நாள் கழித்துத்தான் கிடைத்தது. "அதுவரைக்கும் ஆஸ்பத்திரில சேர்த்துடு."

சரி என்றேன். ஆனால் அவனை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டேன், டாக்டர்கள் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சொன்னால் அந்த டிக்கெட் ரத்தாகும். இதற்கு முன்பும் அவன் மூன்று முறை வருகிறேன் என்று சொல்லி மூன்று முறையும் வராமல் இருந்திருக்கிறான். ஐந்து நாள் என்பது ஐந்து படம். நான் காத்திருந்தேன். சேர்த்தாயிற்று என்று அவனிடம் சொன்னேன். அப்பாவின் போனை என்னிடம் வைத்துக்கொண்டேன். பதினைந்தாம் நாள் காய்ச்சல் வந்தது. காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தேன், அது உண்மையான மாத்திரை.

பதினேழாம் நாள் காலை எட்டு மணிக்குப் படம் எடுத்தேன். பத்து மணிக்கு அண்ணன் வந்தான். அப்பா வீட்டில் படுத்திருப்பதைப் பார்த்தான். கட்டைப் பிரித்தான். என்னிடம் ஒன்றும் கேட்காமல் அவரை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

மீதி உங்களுக்குத் தெரியும். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னதும் அப்பா நம்பவில்லை. "இல்லம்மா டாக்டரம்மா, நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன். எம் பொண்ணு தினம் தினம் போட்டோ புடிச்சு வெச்சிருக்கா. சயின்ஸ் படிச்ச பொண்ணு. பாப்பா, அந்தக் கேமராவைக் குடு" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். அண்ணன், "எனக்கு வந்த படம் வேற" என்றான். நீங்கள் கையை நீட்டினீர்கள். நான் கொடுத்தேன்.

அறுவை சிகிச்சைக்கு உள்ளே போகும் முன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். நான்தான் நடந்து கெடுத்துக்கிட்டேன், உன்மேல தப்பில்ல என்றார். அண்ணனிடம், "உன் வீட்டுக்கு நான் வரலப்பா. பாப்பா இருக்கா, அவ பாத்துப்பா. அவ வேலைக்குப் போகலேன்னு சொல்லிட்டா" என்றார். நான் அப்படிச் சொல்லவே இல்லை. அண்ணன் தலையை ஆட்டினான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்த முகத்தையும் படமெடுத்திருக்கலாம்.

இப்போது அவன் இந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறான். அப்பா கண் விழித்ததும் என்னைத்தான் கேட்பார். முதல் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

நீங்கள் கேட்க நினைப்பது தெரிகிறது. ஒன்பதாம் நாள் படத்தைப் பாருங்கள். ஓரத்தில் கறுப்பு இருக்கும். இலையில் அந்தக் கறுப்பு வந்தால் காம்போடு கிள்ளிவிடுவோம். செடி பிழைக்கும், இலை பிழைக்காது. அதைப் பார்த்தபோதே எனக்குத் தெரியும். கால் போகும் என்று தெரிந்துதான் மறுநாளும் சத்து மாத்திரை கொடுத்தேன். கால் போன மனிதரை ஒரு மகன் கூட்டிக்கொண்டு போகாமல் இருக்க மாட்டான் என்று நினைத்தேன்.

எழுதும்போது ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், டாக்டர். இதற்குப் பிறகு என்னைப் பற்றி யார் என்ன சொன்னாலும், அந்தப் பதினேழு படங்களில் ஒன்றைக்கூட நான் திருத்தவில்லை.