சுவரிலிருந்து கழற்றப்பட்ட அடாப்டர் குறித்து சம்சுன்னிசா சொன்னது

என் பெயர் சம்சுன்னிசா. வயது அறுபத்தொன்று. மார்சிலிங்கில் உள்ள அடுக்குமாடி வீட்டில் மகன் அஸ்மத், மருமகள் யும்னா ஆகியோருடன் வசிக்கிறேன். என் கணவர் ஜமால் முகம்மது சென்ற மாதம் உல்லாசக் கப்பலில் காலமானார். அது தொடர்பாக என் மகன் லிட்டில் இந்தியா கடைக்காரர் அகிலன் மீது கொடுத்துள்ள புகாரைப் பற்றி, யாரும் அழைக்காமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அந்த வேலையில் காதும் மந்தமாகிவிட்டது. பிறகு நுரையீரல் நோய் வந்து, மூக்கில் குழாய் வைத்து ஆக்சிஜன் இயந்திரத்தோடு இருந்தார். அது கைப்பெட்டி அளவுதான். பேட்டரியில் கொஞ்ச நேரம் ஓடும். தூங்கும்போது மின்சாரத்தில் செருகியே வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாழ்நாள் முழுக்கக் கப்பலில் சரக்கு ஏற்றியவர், ஒரு தடவையாவது பயணியாகப் போக ஆசைப்பட்டார். அதனால் அஸ்மத் பினாங்கு, புக்கெட் போகும் கப்பலில் பக்கத்துப் பக்கத்து அறைகளாக இரண்டு எடுத்தான்.

புறப்படும் முன் நான் கப்பல் நிறுவனத்துக்குப் போன் செய்து, அறையில் எந்த மாதிரி பிளக் என்று கேட்டேன். அமெரிக்க, ஐரோப்பிய மாதிரிகள் மட்டும்தான், சிங்கப்பூர் மூன்று முள் பிளக் நுழையாது என்றார்கள். அதன் பிறகு நானும் மகனும் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் இருக்கும் அகிலன் கடைக்குப் போனோம். இரண்டு அடாப்டர் வேண்டும், ஒன்று அவன் அத்தாவின் மெஷினுக்கு மட்டும் என்றேன். அஸ்மத் என்னை விலக்கிவிட்டு, "ஒண்ணே போதும்மா. நான் நீளமான எக்ஸ்டென்ஷனும் வாங்கறேன், எல்லாத்தையும் அதுலயே போட்டுக்கலாம் லா" என்றான். கடைக்காரர் கேட்டதை எடுத்துக் கொடுத்தார்.

கப்பலில் ஏறும் இடத்தில் பெட்டிகளைச் சோதித்தவர்கள் அந்த எக்ஸ்டென்ஷனை எடுத்து வைத்துக்கொண்டார்கள். திடீர் மின் அழுத்த உயர்வைத் தடுக்கும் வகை அது, கப்பலில் தீ ஆபத்து, திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அதன் பிறகு இரண்டு அறைக்கும் சேர்த்து எங்களிடம் அந்த ஓர் அடாப்டர்தான் இருந்தது. வரவேற்பு மேசையில் இன்னொன்று கேட்டு வாங்கச் சொன்னேன். வரிசை நீளம், அப்புறம் பார்க்கலாம் என்றான். மறுநாளும் அதையே சொன்னதால், என் அரைகுறை ஆங்கிலத்தில் நானே போய்க் கேட்டேன். மேசையில் இருந்த பெண் அறைக்கு அனுப்புவதாகச் சொன்னார்.

அன்று காலை முழுவதும் என் கணவர் மேல்தளத்தில் உட்கார்ந்து கடலைப் பார்த்தார். பேட்டரி அநேகமாகத் தீர்ந்துவிட்டது. அறைக்கு வந்ததும் இயந்திரத்தை நான் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. அவர் காது கருவியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தார். நான் மதியத் தொழுகையான லுஹரைத் தொழுதுவிட்டு, அவருக்குக் கஞ்சி கிடைக்குமா என்று பார்க்கச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது இயந்திரம் சத்தமில்லாமல் இருந்தது. அதன் வயர் தரையில் கிடந்தது. சுவரில் அடாப்டர் இல்லை. என் கணவர் மூக்குக் குழாயை ஒரு கையால் பிடித்தபடி கிடந்தார். பேட்டரி தீரும்போது இயந்திரம் கத்தும். அது அவர் காதில் விழுந்திருக்காது. நான் பக்கத்து அறைக் கதவைத் தட்டினேன். யும்னா திறந்தாள். அங்கே அந்த அடாப்டரில் அஸ்மத்தின் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. மாலை விருந்தை வீடியோ எடுக்க வேண்டும் என்று அவர்தான் அத்தா அறையிலிருந்து எடுத்து வந்தார் என்று யும்னா சொன்னாள். எங்கள் அறைச் சாவி அட்டை ஒன்று அவனிடம் இருந்தது. போனைக் கழற்றி எறிந்துவிட்டு, அடாப்டரைக் கொண்டு வந்து இயந்திரத்தைச் செருகினேன். உடனே பச்சை விளக்கு எரிந்தது. இயந்திரம் ஓடியது. அவருக்கு மூச்சு வரவில்லை.

அதன் பிறகு கப்பல் டாக்டர் வந்து பார்த்து மௌத் ஆகிவிட்டதாகச் சொன்னார். அவரைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டு போன பிறகு, நான் கேட்டிருந்த இன்னோர் அடாப்டரை ஊழியர் ஒருவர் கொண்டு வந்து கொடுத்தார். நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

அஸ்மத் கப்பல் அதிகாரிகளிடம் அடாப்டர் பழுதாகி நின்றுவிட்டதாகச் சொன்னான். நான் அப்போது வாய் திறக்கவில்லை. ஜனாஸாவை அடக்கம் செய்து வந்த பிறகு என்னிடம், "நான் சொன்னதையே நீங்களும் சொல்லுங்கம்மா. அத்தா திரும்பி வரப்போறதில்ல, நானாவது இருக்கேன்ல" என்றான். அதன் பிறகு, அகிலன் விற்ற அடாப்டர் பழுதானதால்தான் அத்தா இறந்தார் என்று இந்தப் புகாரைக் கொடுத்தான். அகிலன் கடையில் இருந்த அடாப்டர்களை அதிகாரிகள் அள்ளிக்கொண்டு போனதாகவும், கடைக்கு யாரும் வருவதில்லை என்றும் கேள்விப்பட்டேன்.

நேற்று அகிலன் எங்கள் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தார். வாசலிலேயே நின்றார். சண்டை போடவில்லை. "அம்மா, அதுல தீஞ்ச வாடை ஏதும் வந்துச்சா? எனக்குத் தெரிஞ்சாகணும், தூக்கமே வரல" என்று கேட்டார். அஸ்மத் என் பின்னால் நின்றிருந்தான். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

இன்று அதிகாரி, மகன் புகாரோடு கொடுத்த அடாப்டரை எனக்குக் காட்டினார். அதன் முள் கருகியிருந்தது. அதே அடாப்டர்தான். கப்பலை விட்டு இறங்கும் அன்று சுவரிலிருந்து நானே கழற்றி மகனிடம் கொடுத்தேன். அப்போது அதில் ஒரு கறைகூட இல்லை. யார் கருக்கினார்கள் என்று நான் பார்க்கவில்லை. பார்க்காததைச் சொல்ல மாட்டேன்.

மகன் அத்தாவைக் கொல்ல நினைத்தான் என்று சொல்கிறீர்களா என்று அதிகாரி கேட்டார். இல்லை. அவன் அத்தாவை நினைக்கவே இல்லை. அதைத்தான் சொல்கிறேன். இன்று தங்குவதற்கு வேறு இடம் இருக்கிறதா என்றும் கேட்டார். இல்லை. இங்கிருந்து பஸ் ஏறி அந்த வீட்டுக்குத்தான் போகிறேன். இதைச் சொன்னேன் என்று அவனிடமும் நானே சொல்வேன்.

மேலே கண்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் வாசித்துக் காட்டினார். எல்லாம் நான் சொன்னதே, எல்லாம் உண்மையே. திருத்த ஒன்றும் இல்லை.

(ஒப்பம்) சம்சுன்னிசா