பூசைக்கெனப் பறித்த காட்டுக் கச்சோலப் பூ

பெயர் பூதலிங்கம், வயது 74, தகப்பனார் பெயர் நீலகண்டம், கிராம்புத் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன், கீழத்தெரு, தெரிசனங்கோப்பு, தோவாளை வட்டம். வனச்சரக அலுவலர் வினவ, மனம் ஒப்பிச் சொல்வதாவது:

அருமனையைச் சேர்ந்த லிஜா, வயது 31, அறிவியல் நூல்களுக்காகத் தாவரங்களை வரைபவர். காட்டுக் கச்சோலம் என்னும் அரிய வாசனைச் செடியைப் பறிக்காமல் பார்த்து வரைய வனத்துறை அவருக்கு அனுமதி அளித்திருந்தது. மலைப்பாதை அறிந்தவன் என்பதால் என்னைத் துணைக்கு அழைத்தார். இம்மாதம் 9ஆம் தேதி முதல் நான்கு நாள்கள் சென்றோம். அவ்விடத்தில் ஏழு செடிகளே இருந்தன. விடியலில் விரியும் பூ உச்சிப்பொழுதில் வாடிவிடும். லிஜா ஈரத்தரையில் குப்புறப் படுத்து, லென்ஸ் வைத்து நோக்கி, இதழின் ஊதாப் புள்ளிகளையும் எண்ணி வரைந்தார். அட்டை ஒன்று கழுத்தில் ஏறியபோதும் அவர் கை பிசகவில்லை. "பாட்டா, கொஞ்சம் தள்ளி நின்னு மூச்சு விடுங்க, இதழு ஆடுது" என்றார். குறிஞ்சிப்பாட்டின் மலர்ப் பெயர்களை வரிசை பிறழாமல் ஒப்பிக்கும் நான், ஒரு மலரையேனும் அவ்விதம் கண்டதில்லை என்று அன்று அறிந்தேன்.

நான்காம் நாள் காலை, வண்ணம் கரைக்கத் தண்ணீர் எடுக்க அவர் ஓடைக்குப் போனார். அப்போது ஏழாவது செடியில் ஒரு பூ புதிதாய் விரிந்திருந்தது. இத்தகைய அழகை இறைவனுக்குச் சாத்தாமல் போவது பிழை என்று எனக்குத் தோன்றிற்று. முகர்ந்த பூ பூசைக்கு ஆகாது என்பதால் மேல்துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு, எங்கள் நியமப்படி செடியைத் தொட்டு வணங்கி, பதிகம் ஓதிப் பறித்தேன். அதன்பிறகு காட்டுவாழை இலையில் பொதிந்து, கசங்காதிருக்க லிஜாவின் பையில், வண்ணப்பெட்டியின் மேல் வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. செடியிடம் கேட்ட அனுமதியைச் சட்டத்திடம் கேட்கவில்லை.

அதன்பிறகு சோதனைச்சாவடியில் வனக்காவலர் முத்துநாயகம் பையைத் திறந்து, "படம் வரைய வந்த பிள்ளைக்க பைக்குள்ள பூ தானா நடந்து ஏறிச்சா?" என்றார். அனுமதி ரத்தாகும், வரைந்த தாள்கள் பறிமுதலாகும் என்றும் சொன்னார். அதற்கு லிஜா அழவில்லை. பொதியைப் பிரித்துப் பூவைக் கண்ட பின்பே அழுதார். "ஏழுல ஒண்ணு வித்து வைக்காமப் போச்சே. யாரு பாட்டா பறிச்சா?" என்றார். "நாந்தான் மக்கா" என்றேன். முத்துநாயகம் நம்பவில்லை. "பாட்டா, நெத்தி நிறைய திருநீறு பூசிக்கிட்டுப் பிள்ளைக்காகப் பொய் சொல்லாண்டாம்" என்றார். அதன்பிறகு இவ்வலுவலகத்திற்கு நானே வந்தேன்.

பறித்தவன் நான் ஒருவனே. தண்டனை எனக்கே உரியது. லிஜாவின் அனுமதியும் தாள்களும் அவரிடமே இருக்க வேண்டுகிறேன். இப்பூக்காலம் இன்னும் பத்து நாள்களே.

எழுதியதைப் படிக்கக் கேட்டேன். "முதுமையின் தடுமாற்றத்தால்" என அலுவலர் இரக்கப்பட்டுச் சேர்த்திருந்த சொற்களை அடிக்கச் செய்து, அவ்விடத்தில் சுருக்கொப்பம் இட்டேன். தெளிந்த அறிவோடுதான் பறித்தேன். எஞ்சியவை யாவும் நான் கண்டவையும் செய்தவையும். இறைவன் அறிய மெய்.

(ஒப்பம்)
நீ. பூதலிங்கம்